பழைய கணினியின் விண்டோஸ் உரிமம் புதியதில் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

கடந்த மாதம் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு ஒரு தந்தையும் மகளும் இரண்டு மடிக்கணினிகளோடு வந்தார்கள். மகள் உயர்தர வகுப்பு மாணவி. பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காத வயதுடையது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே, வெளிநாட்டு அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தார்கள். "பழையதில் இருக்கிற விண்டோஸுக்கும் சேர்த்துத்தானே அப்பா காசு கொடுத்தார்? அதை இதற்கு மாற்றித் தர முடியுமா, அண்ணா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். விற்ற கடையில் 'உரிமம் மாற்றும் கூலி' என்று தனியாக ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள்.

அந்த உரிமத்தை மாற்ற முடியாது. மாற்ற வேண்டிய தேவையும் அங்கே இருக்கவில்லை. வாங்கி வந்த கணினிக்குள்ளேயே அதற்குரிய விண்டோஸ் புரோ உரிமம் பத்திரமாக இருந்தது. அதை எழுப்புவார் யாரும் இல்லை. கொழும்பில் இது அடிக்கடி நடக்கிறது. வராத உரிமத்தைக் கொண்டுவருவதற்காக அலைகிறோம், கையில் இருப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். பணம் கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை, திரையில் தெரியும் அறிகுறிகளை வைத்தே கீழே எழுதுகிறேன்.

முதலில், எந்த வகை உரிமம்?

கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் ஓஇஎம் உரிமம் எனப்படும். கணினி உற்பத்தியாளர் மைக்ரோசொஃப்ட்டிடமிருந்து பெற்று, இயந்திரத்துக்கு ஒன்றாகப் பூட்டி அனுப்புவது அது. பூட்டிய கணினியை விட்டு அது வெளியே வராது. தனியாக விலைகொடுத்து வாங்கும் ரீடெயில் உரிமத்தை மட்டுமே ஒரு கணினியிலிருந்து நீக்கி இன்னொன்றில் போடலாம். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும். மூன்றாவது வகையான வொல்யூம் உரிமம் நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுக்கப்படுவது. அது எந்த நாளிலும் தனிமனிதரின் சொத்தாக ஆவதில்லை.

விண்டோஸ் 7 காலத்தில் மடிக்கணினியின் அடியில் 25 எழுத்துகள் கொண்ட உரிமக் குறியீடு, அதாவது கீ, அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அந்தக் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள், எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் எழுதப்படுகிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோனால் கோப்புகள் கூட வரும், உரிமம் வராது என்பதற்குக் காரணம் இதுதான். மறுபுறம், ஹார்ட் டிஸ்க் முற்றாகப் பழுதாகிப் புதியது போட்டாலும் அதே மதர்போர்டில் விண்டோஸ் கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிடும்.

வகையை அறிய, கமாண்ட் புரொம்ப்ட் சாளரத்தைத் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), அதையொட்டி டி, எல், ஐ. என்டரை அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதன் விவர வரியில் ஓஇஎம், ரீடெயில், வொல்யூம் என்ற மூன்றில் ஒரு சொல் இருக்கும். கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் தெரியும்.

ரீடெயில் என்று இருந்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். விண்டோஸ் 7 ஓஇஎம் கணினியை இலவசமாக 10க்கு உயர்த்தியவர்களுக்கும் அங்கே ரீடெயில் என்றே காட்டும். கடைசி ஐந்து எழுத்துகள் 3வி66டி என்றோ 8எச்விஎக்ஸ்7 என்றோ இருந்தால், அது விண்டோஸ் எல்லோருக்கும் பொதுவாகப் போடும் வெற்றுக் கீ. முன்னது புரோ பதிப்புக்கு, பின்னது ஹோம் பதிப்புக்கு. அதற்குப் பின்னால் இருப்பது அந்த இயந்திரத்தோடு கட்டப்பட்ட டிஜிட்டல் உரிமம். அது ஓஇஎம்மிலிருந்து வந்ததென்றால் ஓஇஎம்மின் கட்டுப்பாடு அதற்கும் உண்டு. நீங்கள் தனியாகக் கீ வாங்கிய பற்றுச்சீட்டோ மின்னஞ்சலோ இருந்தால் மட்டுமே மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கீழே பிழை எண்களின் தொடக்கத்தில் வரும் '0எக்ஸ்' என்ற பகுதியை விட்டுவிட்டு எழுதுகிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

அறிகுறி: பழைய கணினியின் கீயை அடித்தால் சி004சி008 என்று வருகிறது

இந்தக் கீ ஏற்கனவே வேறொரு கணினியில் பயன்பட்டிருக்கிறது, அல்லது உரிமம் அனுமதிக்கும் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது என்று பொருள். கீ ஓஇஎம் வகை என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள். சில வேளைகளில் ஓஇஎம் கீயும் இன்னொரு கணினியில் ஆக்டிவேட் ஆகிவிடுவதுண்டு. மைக்ரோசொஃப்ட்டின் வழங்கி (சேர்வர்) ஒப்புக்கொண்டதால் உரிமம் மாறிவிட்டதாக ஆகாது. ஒப்பந்தத்தின்படி அந்தக் கணினி உரிமம் இல்லாத கணினிதான்.

ரீடெயில் கீ என்றால் வழி உண்டு. பழைய கணினியின் கமாண்ட் புரொம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, முன்சொன்ன அதே ஐந்து எழுத்துகள், இடைவெளி, சாய்கோடு, யு, பி, கே என்று அடித்தால் கீ நீங்கும். இது அந்தக் கணினியில் இருப்பதை மட்டும்தான் அழிக்கிறது. மைக்ரோசொஃப்ட் வழங்கிக்கு "இதை விடுவித்துவிட்டேன்" என்ற செய்தி எதுவும் போவதில்லை. ஆகவே புதிய கணினி முதல் முயற்சியில் மறுத்தால் பதற வேண்டாம். விண்டோஸ் அமைப்புகளின் ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபிள்ஷூட்டரை (பிழை தேடும் கருவியை) ஓட்டுங்கள். அதுவும் பயன் தரவில்லை என்றால் மைக்ரோசொஃப்ட் உதவிப் பிரிவிடம், பழையதிலிருந்து நீக்கிவிட்டதைச் சொல்லி, வாங்கிய சான்றைக் காட்டுங்கள்.

அறிகுறி: ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் பூட்டினேன், நீலத்திரையில் 48 இலக்கம் கேட்கிறது

இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. உரிமம் போனால் இன்னொன்று வாங்கலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் போனால் போனதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே உங்களைத் தடுப்பது, டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசொஃப்ட் கணக்கோடு முதன்முறை உள்நுழையும்போதே மறைகுறியாக்கம் தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. அப்படி ஒன்று நடந்ததே பலருக்குத் தெரியாது. பூட்டைத் திறக்கும் இரகசியம் பழைய மதர்போர்டிலுள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. வேறு மதர்போர்டில் டிஸ்க்கைப் பூட்டியதும் அந்தச் சில்லு இல்லாததால் மீட்புக் கீயைக் கேட்கிறது.

முதல் வேலையாக, எதையும் அழிக்காமல் டிஸ்க்கைப் பழைய கணினியிலேயே திரும்பப் பூட்டுங்கள். அது வழக்கம்போலத் திறந்துகொண்டால், அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குள் சென்று சாதன மறைகுறியாக்கத்தை முழுமையாக நீக்கிவிடுங்கள். டிஸ்க்கின் அளவைப் பொறுத்து இது சில மணி நேரம் எடுக்கும். மடிக்கணினி மின்சாரத்தில் இணைந்தே இருக்கட்டும். முடிந்த பிறகுதான் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும்.

பழைய கணினி உயிரோடு இல்லையென்றால், வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்து சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். மீட்புக் கீ பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். நீலத்திரையில் ஓர் அடையாள எண் தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளோடு பொருந்தும் கீயே உங்களுடையது. கணினியைத் தொடக்கத்தில் அமைத்துக்கொடுத்தவர் தன்னுடைய கணக்கைப் போட்டிருந்தால் கீயும் அவருடைய கணக்கில்தான் இருக்கும். கனடாவிலிருந்து மாமா வாங்கி அமைத்து அனுப்பிய கணினி என்றால் மாமாவுக்குத்தான் அழைப்பு எடுக்க வேண்டும். எந்தக் கணக்கிலும் இல்லை, அச்சிட்டும் வைக்கவில்லை என்றால் கடைக்காரர் யாராலும் அதை உடைத்துத் தர முடியாது. "திறந்து தருகிறேன்" என்று பணம் வாங்குபவர் பெரும்பாலும் டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருவார்.

அறிகுறி: டிஸ்க்கை மாற்றிய பின் கணினி தொடங்குவதே இல்லை

'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற சொற்களோடு திரை நின்றால், பெரும்பாலும் சேமிப்பகத்தின் இயங்குமுறை மாறியிருக்கிறது. பழைய கணினி ஏஎச்சிஐ முறையிலும் புதியது ரெய்ட் அல்லது விஎம்டி முறையிலும் இருந்தால் இப்படி ஆகும். விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயோஸ் அமைப்பில் பழையதற்குப் பொருந்துவதாக மாற்றிப் பாருங்கள். ஆனாலும் என் பரிந்துரை, டிஸ்க்கை அப்படியே நகர்த்துவதைக் கைவிட்டு, யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டுக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வதுதான். உரிமம் எப்படியும் அதோடு வரப்போவதில்லை.

அறிகுறி: விண்டோஸ் திறக்கிறது, சி004எஃப்211 அல்லது சி004எஃப்213 என்று சொல்கிறது

இரண்டும் வன்பொருளோடு தொடர்புடையவை. முதலாவது, கணினியின் வன்பொருள் மாறியிருக்கிறது என்கிறது. இரண்டாவது, இந்தச் சாதனத்தில் கீயைக் காணவில்லை என்கிறது. மதர்போர்ட் மாற்றிய பிறகும், டிஸ்க்கை வேறு கணினிக்குக் கொண்டுபோன பிறகும் இவை வரும்.

மதர்போர்ட் பழுதாகி அதை மாற்றியிருந்தால் நியாயம் உங்கள் பக்கம். குறைபாட்டால் மாற்றும் மதர்போர்டுக்கு ஓஇஎம் உரிமம் தொடரும் என்பதே மைக்ரோசொஃப்ட்டின் நடைமுறை. வேகம் போதவில்லை என்று நீங்களாகவே மாற்றினால் அது புதிய கணினியாகக் கணக்கிடப்படும். உத்தரவாதக் காலத்தில் உற்பத்தியாளரின் சேவை நிலையத்தில் மாற்றினால், புதிய பலகையில் கீயை எழுதித் தரும்படி கேட்டு, கணினியைப் பெறுமுன் அங்கேயே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். என் தம்பியின் கணினியை ஒரு பழுதுபார்க்கும் இடத்தில் கொடுத்தபோது, வேறொரு கணினியிலிருந்து கழற்றிய பலகையைப் பூட்டிக்கொடுத்தார்கள். கணினி நன்றாக ஓடியது. ஆனால் முன்பிருந்தது புரோ பதிப்பு, பலகைக்குள் இருந்ததோ ஹோம் கீ. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

மதர்போர்டை மாற்றுமுன்பே ஒரு வேலை செய்திருந்தால் வழி எளிது. 2016 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைக்கலாம். அப்படி இணைத்திருந்தால் டிரபிள்ஷூட்டரைத் திறந்து, அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்ற தெரிவை அழுத்தி, அதே கணக்கில் உள்நுழைந்து, பட்டியலில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பெயர் தெரிகிறதே என்பதற்காக முற்றிலும் வேறான கணினிக்கு ஓஇஎம் உரிமத்தை அந்த வழியாக மாற்ற முயல வேண்டாம். அந்த வசதி பழுதுபார்த்த கணினிக்காக வந்தது.

அறிகுறி: பாவித்த கணினியில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது, சில மாதங்களில் சி004எஃப்074 வருகிறது

அந்தத் தந்தையும் மகளும் கொண்டுவந்தது இந்த வகைக் கணினிதான். எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையோடு சாய்கோடு, எக்ஸ், பி, ஆர் என்று அடித்துப் பார்த்தேன். நிரந்தர உரிமம் என்றால் அது நிரந்தரம் என்று சொல்லும். அவர்களுடையது ஒரு முடிவுத் திகதியைக் காட்டியது. விவர வரியில் வொல்யூம், அதையொட்டிக் கேஎம்எஸ் என்ற சொல். கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேஷன் 180 நாள்களுக்கே செல்லும். அதற்குள் நிறுவனத்தின் வழங்கியைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தை வீட்டில் அந்த வழங்கி ஏது? புதுப்பித்தல் தோற்கும்போது வரும் எண்தான் சி004எஃப்074. பொய்யான வழங்கியை உருவாக்கும் ஆக்டிவேட்டர் மென்பொருளைப் போட்டு விற்கும் கணினிகளும் இதே தோற்றத்தில் இருக்கும். அத்தகைய மென்பொருள் கேட்கும் முதல் காரியமே வைரஸ் எதிர்ப்பை நிறுத்துவது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இப்போது நல்ல செய்தி. நிறுவனங்கள் பயன்படுத்தும் என்டர்பிரைஸ் பதிப்பு, புரோ போன்ற ஓர் அடிப்படை உரிமத்தின் மேல் போடும் உயர்த்தல் உரிமம். ஆகவே அலுவலகத்திலிருந்து வரும் கணினிகள் பலவற்றில் அடியில் புரோ கீ இருக்கும். அலுவலகம் தன்னுடைய அடுக்கை எடுத்துக்கொண்டு போகிறது. மதர்போர்டில் எழுதியது அங்கேயே இருக்கிறது.

அதைப் பார்ப்பதற்கு நான் எடுக்கும் வழி, லினக்ஸ் உபுண்டுவை யுஎஸ்பியிலிருந்து நிறுவாமல் ஓட்டி, ஃபர்ம்வேரின் ஏசிபிஐ அட்டவணைகள் உள்ள கோப்புறையைத் திறப்பது. எம்எஸ்டிஎம் என்ற கோப்பு இருந்தால் கீ உள்ளே இருக்கிறது. அதுவும் கடினமாகத் தோன்றினால், கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, மைக்ரோசொஃப்ட் இணையத்தளத்திலிருந்து நிறுவல் கருவியை 8 ஜிபி யுஎஸ்பி ஒன்றில் இறக்கி விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். நிறுவி கீயையும் கேட்காமல் பதிப்பையும் கேட்காமல் தாண்டிப் போனால், உள்ளே இருந்த கீயை அது படித்துவிட்டது. இணையத்தோடு இணைந்ததும் ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 10 கீ அதே பதிப்பின் விண்டோஸ் 11க்கும் செல்லும்.

அந்தப் பிள்ளையின் கணினி அப்படித்தான் தாண்டிப் போனது. முக்கால் மணி நேரத்தில் விண்டோஸ் 11 புரோ, நிரந்தரம் என்ற சொல்லோடு. யாருக்கும் எந்தக் கூலியும் கொடுக்கவில்லை.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கோ வேறெங்குமோ பாவித்த மடிக்கணினி பார்க்கப் போகிறீர்கள் என்றால், மேலே சொன்னவற்றில் டிஎல்ஐ, எக்ஸ்பிஆர் என்று முடியும் இரண்டு கட்டளைகளையும் விலை பேசுமுன் அங்கேயே அடித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார்.

அறிகுறி: உரிமம் இருக்கிறது, ஆனாலும் சி004எஃப்212

நிறுவும்போது பதிப்பை மாற்றித் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நம் பகுதியில் விற்பனையாகும் மடிக்கணினிகள் பலவற்றில் வருவது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பு. பெயரில் ஹோம் என்று இருப்பதால் சாதாரண ஹோமைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு உரிமங்கள். உரிய பதிப்பைத் திரும்ப நிறுவினால் பிழை மறையும். சிங்கிள் லாங்குவேஜ் என்பதைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்ய முடியாதோ என்று அஞ்ச வேண்டாம். விண்டோஸின் காட்சி மொழிக்கு மட்டுமே அந்தக் கட்டுப்பாடு. தமிழ் விசைப்பலகையையும் சிங்கள விசைப்பலகையையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

அறிகுறி: விண்டோஸ் 7 ஸ்டிக்கர் கீ முன்பு வேலை செய்தது, இப்போது இல்லை

இலவச உயர்த்தல் 2016 ஜூலை 29இல் அறிவிப்பின்படி முடிந்திருந்தாலும், பழைய 7, 8 கீகளால் 10ஐ ஆக்டிவேட் செய்யும் கதவு நீண்டகாலம் திறந்தே இருந்தது. 2023 செப்டெம்பரில் மைக்ரோசொஃப்ட் அதை மூடிவிட்டது. அதற்கு முன்பே உயர்த்திய கணினிகளின் டிஜிட்டல் உரிமம் அந்தக் கணினிகளில் தொடர்கிறது.

அறிகுறி: நிறுவி முடிந்ததும் ஏதோ ஒரு கம்பனியின் பெயரோடு உள்நுழையச் சொல்கிறது

இது உரிமச் சிக்கல் இல்லை. பழைய நிறுவனம் அந்தக் கணினியை, ஓட்டோபைலட் எனப்படும் தன் கணினிகளின் மைக்ரோசொஃப்ட் பதிவிலிருந்து நீக்கவில்லை. எத்தனை முறை அழித்து நிறுவினாலும் இணையத்தைத் தொட்டதும் இதே பக்கம் வரும். அந்த நிறுவனம் விடுவித்தால்தான் உண்டு. கடையில் திருப்பிக் கொடுத்து வேறு கணினி கேளுங்கள்.

எந்த வழியும் இல்லையென்றால்

கணினியில் கீ இல்லை, கையில் ரீடெயில் உரிமமும் இல்லை என்றால் புதிதாக வாங்க வேண்டும். இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு விற்கும் கீகளில் பல, பழைய கணினிகளிலிருந்து உரித்த ஓஇஎம் கீகளோ நிறுவனங்களின் வொல்யூம் கீகளோதான். அவற்றை விற்பவர்கள், பாவித்த மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்ற ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டுவார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உரியது. இலங்கையில் மென்பொருளுக்குக் காவல் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அப்படி வாங்கிய கீயை மைக்ரோசொஃப்ட் பின்னர் தடுத்தால் சி004சி003 என்ற எண்ணைக் காண்பீர்கள். விற்றவரைக் காண மாட்டீர்கள்.

வாங்க முடியாத நிலையில் இருக்கும் மாணவருக்கு நான் லினக்ஸ் மின்ட்டைத்தான் போட்டுக்கொடுக்கிறேன். கட்டுரை எழுதவும், நிரலாக்கம் பழகவும், நிகழ்நிலை வகுப்புக்கும் அது போதும்.

பழைய கணினியையும் எறிந்துவிடாதீர்கள். அதன் உரிமம் அதிலேயே இருப்பதால், வேறொருவருக்குக் கொடுக்கும்போது உரிமமும் முறையாகவே அவருக்குப் போகிறது. கொடுக்குமுன் கோப்புகளைப் பிரதி எடுங்கள். 'இந்தக் கணினியை மீட்டமை' என்ற வசதியில் எல்லாவற்றையும் அழிக்கும் தெரிவையும், டிஸ்க்கைத் துப்புரவாக்கும் தெரிவையும் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கிவிட்டு, மின்னேற்றியையும் சேர்த்துக் கொடுங்கள்.